பதினான்காம் விதிக்குள் ஒரு புகைக்குழாய்

மலேசியாவின் வட மாநிலத் தொழிலாளர் கோ-கார்ட் வண்டிப் போட்டியின் விதிப்புத்தகத்தில் பதினான்காம் விதி புகைக்குழாயைப் பற்றியது. அதற்கு எட்டு உட்பிரிவுகள். வண்டிக்கு ஒரு குழாய்தான் இருக்கலாம். அதை இரும்புத் தகட்டில் செய்திருக்க வேண்டும். கடையில் வாங்கியதாக இருக்கக் கூடாது. அறுபது சென்டிமீட்டர் நீளமும் இருபது அகலமும் இருபது உயரமும் உள்ள ஒட்டுப்பலகைப் பெட்டிக்குள் முழுவதும் அடங்க வேண்டும். முன்னரே கொடுத்த வரைபடத்திலிருந்து எந்த அளவும் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் விலகக் கூடாது. பரிசோதனை முடிந்த பின் எந்தக் கருவியும் அதன்மேல் படக் கூடாது. எந்தப் பாகத்தையும் சேர்க்கவோ நீக்கவோ கூடாது. கடைசியாக, ஐந்து மீட்டர் தொலைவில் அதன் சத்தம் எண்பத்தைந்து டெசிபெல்லைத் தாண்டக் கூடாது.

ஜெகதீஸ்வரி இதை மூன்று முறை படித்தாள். மூன்றாம் முறை படித்தபோது அவள் முகத்தில் தெரிந்த மகிழ்ச்சி தங்கள் கல்யாண ஆல்பத்தில் எந்தப் பக்கத்திலும் இல்லை என்று அவள் கணவன் தனேஷ் பிறகு தன் தங்கையிடம் புகார் செய்தான்.

தங்கை ஷர்மினிதான் வண்டியை ஓட்டுபவள். வயது இருபத்தாறு. ஜெலுத்தோங்கில் ஒரு பல் மருத்துவரிடம் உதவியாளர். நோயாளிகளின் வாயைப் பார்த்துக்கொண்டு வாரம் முழுவதும் சிரிப்பை அடக்கி வைப்பதால் சனி ஞாயிறுகளில் அது மொத்தமாக வெளிவருகிறது என்பது அவள் தரும் விளக்கம். அந்த ஆண்டின் முதல் இரண்டு பந்தயங்களிலும் அவளைச் சத்தத்துக்காக வெளியேற்றியிருந்தார்கள். மூன்றாம் முறையும் அப்படி நேர்ந்தால் ஆண்டு முடியும் வரை அவள் எந்தப் பந்தயத்திலும் இறங்க முடியாது. மூன்றாம் பந்தயத்துக்கு ஐந்து வாரங்கள் இருந்தன. ஷர்மினி அண்ணியிடம் வந்து, தனக்குச் சத்தம் போடாத ஒரு எக்ஸோஸ் குழாய் வேண்டும் என்றும், ஆனால் வேகம் குறையக் கூடாது என்றும் கேட்டாள். இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தாதவை என்று ஜெகதீஸ்வரி சொன்னாள். அதற்குள் அவள் பென்சிலைத் தேடிக்கொண்டிருந்தாள்.

பாயான் பாருவுக்குப் பக்கத்தில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையின் அளவைப் பிரிவில் அவளுக்கு வேலை. மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு வரை அளந்து, பொருந்தாதவற்றைக் காரணம் எழுதித் திருப்பி அனுப்புவாள். பதினொரு ஆண்டுகளில் அவள் எதையும் உருவாக்கியதில்லை. மற்றவர்கள் உருவாக்கியதை மறுத்திருக்கிறாள். முதல் முறையாக ஒரு வெள்ளைத்தாள் அவளுடைய பொறுப்பில் வந்தது. அன்று மாலை சோறு குழைந்துவிட்டது.

குழாயின் நீளத்தை அவள் ஒரு வாரத்தில் முடிவு செய்தாள். இயந்திரத்திலிருந்து புகை வெளியேறும்போது ஓர் அழுத்த அலை குழாயின் முனை வரை ஓடி, அங்கிருந்து திரும்பி வரும். அது சரியான நேரத்தில் இயந்திரத்தின் வாசலுக்கு வந்து சேர்ந்தால் உள்ளே மிச்சமிருக்கும் புகையையும் இழுத்துக்கொண்டு போகும். வண்டிக்கு வேகம் கிடைக்கும். நீளம் நானூற்றுப் பன்னிரண்டு மில்லிமீட்டர். பெட்டிக்குள் அடங்கியது. எஞ்சியது சத்தம். சாதாரணமான சத்தக்குறைப்பான் புகையின் பாதையில் குறுக்கே நிற்கும், வேகத்தைத் தின்னும். ஆகவே பாதையில் நிற்காத ஒன்று வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை பிற்பகல், சமையலறை மேசையில் காலியான ரோஸ் சிரப் போத்தல்கள் ஐந்தை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் வாயிலும் ஊதிக் காட்டி, ஜெகதீஸ்வரி தன் திட்டத்தை நாத்தனாருக்கு விளக்கினாள். போத்தல் ஒவ்வொன்றுக்கும் ஒரு சுரம் உண்டு. குழாயின் பக்கவாட்டில் ஒரு குறுகிய கழுத்தை வைத்து, அதன் மறுமுனையில் மூடிய அறை ஒன்றைப் பொருத்தினால், அந்த அறை தன்னுடைய சுரத்தை மட்டும் குழாயிலிருந்து விழுங்கிவிடும். இயந்திரம் எந்தச் சுரத்தில் அதிகமாகக் கத்துகிறதோ அந்தச் சுரத்துக்கு ஏற்ற அறையைக் கட்டினால் போதும். ஷர்மினி ஒரு போத்தலில் ஊதினாள். பிறகு கொஞ்சம் தண்ணீர் ஊற்றி ஊதினாள். சுரம் ஏறியது. இருவரும் மாறி மாறி ஊத, கீழ் வீட்டிலிருந்து சித்தி ஹாஜரா என்ற மலாய் மூதாட்டி மேலே வந்து, பேரக்குழந்தை தூங்குவதாகச் சொல்லிவிட்டு, தானும் ஒருமுறை ஊதிப் பார்த்துவிட்டுப் போனார்.

அறையின் உள்ளளவு எட்டு சென்டிமீட்டர் நீளம், எட்டு அகலம், பத்து உயரம். அறுநூற்று நாற்பது மில்லி காற்று. ஜெகதீஸ்வரி அந்த எண்ணை அடிக்கோடிட்டாள். பிறகு இன்னொரு கோடும் போட்டாள்.

செய்து தர ஒப்புக்கொண்டவர் மாக் மண்டினில் பட்டறை வைத்திருக்கும் ஜாஹிர். பினாங்கின் நாசி கண்டார் சோற்றுக் கடைகளில் தேநீருக்கு வெந்நீர் கொதிக்கும் பெரிய பாய்லர்களில் பாதி அவர் கையால் ஆனவை. தகட்டை வளைத்து ஒட்டினால் ஒட்டிய இடத்தை விரல் தடவிக் கண்டுபிடிக்க முடியாது. வரைபடத்தை வாங்கிப் பார்த்தவர், இவ்வளவு சிறிய பாய்லரில் எத்தனை பேருக்குத் தேநீர் போடுவதாக உத்தேசம் என்று கேட்டார். அது பாய்லர் இல்லை என்று ஜெகதீஸ்வரி விளக்கினாள். அவர் எல்லாம் புரிந்தது போலத் தலையாட்டினார்.

வரைபடத்தைப் போட்டி அமைப்பாளர்களிடம் ஒப்படைக்க வேண்டிய வெள்ளிக்கிழமை காலையில் அவள் விடுப்பு எடுத்துக்கொண்டு, பாலத்தைக் கடந்து பட்டறைக்குப் போனாள். குழாய் தயாராக இருந்தது. அழகாக இருந்தது. அறையின் அடிப்பக்கத்தில் ஒரு சின்னப் பித்தளைத் திறப்பும் இருந்தது. பாய்லர்களில் வெந்நீர் பிடிக்கும் அதே வகை, அதே திருகு.

"ஜாஹிர் அண்ணே, இது எதுக்கு?"

"கழுவறதுக்கு லா, தங்கச்சி."

"எக்ஸோஸ யாராச்சும் கழுவுவாங்களா?"

"கழுவாம விட்டா நாறும். அடில தெறப்பு இல்லாத ஏனம் என் பட்டறைய விட்டுப் போனதில்ல."

வெட்டி எடுக்கச் சொன்னால் தகடு மெலிந்துவிடும் என்று அவர் சொன்னதை அவளால் மறுக்க முடியவில்லை. வரைபடம் மாலை ஐந்து மணி வரை அவள் கையில்தான் இருக்கும். ஆகவே பட்டறையின் பெஞ்சில் அமர்ந்து, அதே பென்சிலால், அதே கனக்கோட்டில், 'வடிகால் திறப்பு, பித்தளை, ஒன்று, மூடிய நிலையில்' என்று சேர்த்து வரைந்தாள். வரைபடத்துக்கும் பொருளுக்கும் இடையே முரண்பாடு நீங்கியது. அவள் வேறெதையும் அளக்கவில்லை. பதினொரு ஆண்டுகளில் அளக்காமல் அவள் ஏற்றுக்கொண்ட முதல் பொருள் அது. ஒட்டியிருந்த நேர்த்தியில் மயங்கிவிட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

பந்தயம் ஞாயிற்றுக்கிழமை, புக்கிட் மெர்தாஜாமுக்கு வெளியே, முன்பு லாரிகள் நிறுத்தப்பட்ட மைதானம் ஒன்றில் நடந்தது. பரிசோதகர் ஷாருல், விதிப்புத்தகத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டியிருப்பவர். அவர் ஒட்டுப்பலகைப் பெட்டியைக் குழாயின்மேல் கவிழ்த்தார், அடங்கியது. வரைபடத்தோடு ஒப்பிட்டு அளந்தார். எல்லாம் மூன்று மில்லிமீட்டருக்குள். பித்தளைத் திறப்பைக் கண்டதும் நிமிர்ந்து ஜெகதீஸ்வரியைப் பார்த்தார். அவள் வரைபடத்தில் அந்த வரியைச் சுட்டிக் காட்டினாள். அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்து, கையெழுத்திட்டார். குழாயில் சிவப்பு ஒட்டுத்தாள் ஏறியது. இனிக் கருவி படக் கூடாது.

அடுத்து சத்தச் சோதனை. இயந்திரத்தை முடுக்கினார்கள். மானி எண்பத்தாறு புள்ளி எட்டு என்று காட்டியது.

அரை மணி நேரத்துக்குள் இரண்டாவது முறை முயலலாம் என்று விதி இருந்தது. மூன்றாவது முறை கிடையாது. ஷர்மினி தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு, கையிலிருந்த தே ஓ ஐஸ் என்ற பால் இல்லாத ஐஸ் தேநீர்ப் பொட்டலத்தில் உறிஞ்சுகுழலை வைத்து உறிஞ்சினாள். அவள் சிரிக்கவில்லை. ஜெகதீஸ்வரிக்கு அதுதான் பொறுக்கவில்லை. கணக்கில் பிழை இருந்தால் அது தன் பிழை; இந்தப் பெண் ஆண்டு முடியும் வரை ஓட்டாமல் உட்காரப் போவது அந்தப் பிழையால்.

கணக்கில் பிழை இல்லை. அவள் பையிலிருந்து வெர்னியர் அளவுகோலை எடுத்தாள். அளவுகோலும் கருவியாகுமா என்று ஷாருலிடம் கேட்டு, படாமல் அளக்கலாம் என்று அனுமதி பெற்று, ஒரு முடியளவு இடைவெளி விட்டு அளந்தாள். அறையின் நீளத்தில் மூன்று மில்லிமீட்டர் அதிகம். அகலத்தில் மூன்று. உயரத்தில் மூன்று. ஒவ்வொன்றும் அனுமதிக்கப்பட்ட எல்லையின் கடைசிப் புள்ளியில், ஒவ்வொன்றும் பெரிதாகும் பக்கமே நின்றது.

அவள் ஜாஹிரைக் கைப்பேசியில் அழைத்தாள். அவர் சற்றும் தயங்கவில்லை. பத்து லிட்டர் பாய்லர் கேட்டவருக்குப் பத்து லிட்டர் ஊற்றிய பின்னும் மேலே ஒரு விரல் இடம் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஜாஹிர் அளவில் அடித்துவிட்டான் என்று ஊர் முழுக்கச் சொல்வார்கள். அவள் மூன்று மில்லிமீட்டர் கூடலாம் குறையலாம் என்று எழுதியிருந்தாள். குறைப்பது அவருக்கு வழக்கமில்லை. ஆகவே கூட்டியிருந்தார். அதற்குத் தனியாக எதுவும் வாங்கவில்லை என்பதையும் நினைவூட்டினார்.

ஜெகதீஸ்வரி நன்றி சொல்லிவிட்டு வைத்தாள். அறையில் இருக்க வேண்டியது அறுநூற்று நாற்பது மில்லி. இருப்பது எழுநூற்றுப் பத்து. அறை விழுங்குவது வேறொரு சுரத்தை.

"எழுபது மில்லி அதிகம்," என்றாள். "எழுபது மில்லி இடத்த எப்படியாச்சும் அடைக்கணும். எந்தப் பாகமும் சேர்க்க முடியாது. கருவியும் படக் கூடாது."

ஷர்மினி உறிஞ்சுவதை நிறுத்தினாள். பொட்டலத்தைப் பார்த்தாள். பித்தளைத் திறப்பைப் பார்த்தாள். சிரிப்பு முதலில் தோளில் ஆரம்பித்தது.

"அண்ணி. எழுபது மில்லின்னா வாய் கொப்பளிக்கிற ஒரு கப்பு. நான் ஒரு நாளைக்கு நாப்பது கப்பு ஊத்தறேன்."

"ஷர்மினி, இரு. என்சிக் ஷாருல்கிட்ட கேட்டுட்டு."

ஷாருல் உறையிலிருந்து புத்தகத்தை வெளியே எடுத்துப் பதினான்காம் விதியை முதலிலிருந்து படித்தார். தேநீர் ஒரு பாகமா என்ற கேள்வியை அவர் அவசரமாக அணுகவில்லை. பாகம் என்றால் என்ன என்று இரண்டாம் பக்கத்தில் விளக்கம் இருந்தது: வண்டியில் பொருத்தப்படும் திடப்பொருள். தேநீர் திடப்பொருள் இல்லை. எரிபொருளைப் பற்றி ஒன்பதாம் விதி, தேநீர் எரியாது. எண்ணெயைப் பற்றிப் பதினோராம் விதி. தேநீர் எண்ணெய் இல்லை. திருகைக் கையால் திறக்க முடியுமா என்று கேட்டார். ஷர்மினி இரண்டு விரலால் திறந்து காட்டினாள். அவர் பெருமூச்சு விட்டார். தாம் எழுதிய புத்தகம் தம்மிடமே இப்படி நடந்துகொள்ளும் என்று எதிர்பார்க்காத ஒருவரின் பெருமூச்சு அது. தடை இல்லை என்றார்.

சர்க்கரை இல்லாத வெறும் தண்ணீராக இருந்தால் நல்லது என்று ஜெகதீஸ்வரி சொல்லத் தொடங்கினாள். சொல்லி முடிப்பதற்குள் உறிஞ்சுகுழலின் முனை திறப்பின் வாயில் நுழைந்திருந்தது. ஷர்மினி பொட்டலத்தைக் கிளினிக்கின் கைப்பழக்கத்தில், கண்ணை மூடிக்கொண்டு, அமுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு கப். திருகை மூடினாள். ஷாருல் படிவத்தின் குறிப்புப் பகுதியில் 'தேநீர், பால் இல்லாதது, இனிப்பு' என்று எழுதினார். ஏறத்தாழ எழுபது மில்லி என்று ஜெகதீஸ்வரி சேர்க்கச் சொன்னாள். ஏறத்தாழ என்ற சொல்லைச் சொல்லும்போது அவளுக்கு வலித்தது.

இரண்டாவது சோதனையில் மானி எண்பத்து நான்கு புள்ளி இரண்டு காட்டியது.

பக்கத்துக் கூடாரங்களிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். என்ன செய்தீர்கள் என்று ஐமான் என்ற ஓட்டுநர் கேட்டான். முதல் இரண்டு பந்தயங்களிலும் வென்றவன். தேநீர் ஊற்றினோம் என்று ஷர்மினி உண்மையைச் சொன்னாள். அவன் அதைக் கேலி என்று எடுத்துக்கொண்டு கோபித்துக்கொண்டு போனான்.

ஜெகதீஸ்வரி மட்டும் மகிழவில்லை. அவள் தரையில் குந்தி, படிவத்தின் பின்புறத்தில் புதிய கணக்கு ஒன்றைப் போட்டுக்கொண்டிருந்தாள். சூடான குழாயில் ஒட்டியிருக்கும் அறையில் எழுபது மில்லி தேநீர். பந்தயம் பன்னிரண்டு சுற்று, ஏறக்குறைய ஒன்பது நிமிடம். தேநீர் கொதிக்கும். ஆவியாகும். ஆவியாக ஆவியாக அறை மறுபடியும் பெரிதாகும், சத்தம் ஏறும். முடிவுக்கோட்டுக்குச் சற்று முன்னால் நிற்கும் மானி ஒவ்வொரு சுற்றிலும் அளக்கும். ஒரே ஒரு முறை எண்பத்தைந்தைத் தாண்டினாலும் மூன்றாவது வெளியேற்றம். கணக்கு பதினொன்றாம் சுற்றில் முடிந்தது. ஒரு சுற்று குறைகிறது.

"மானிக்கிட்ட வரும்போது ஆக்ஸிலரேட்டர்லருந்து காலை எடுத்துரு," என்றாள். "கடைசி சுத்துல."

"எடுத்தா பின்னால இருக்கறவன் போயிருவான் அண்ணி."

"போகட்டும்."

ஷர்மினி தலைக்கவசத்துக்குள் எதையோ சொன்னாள். அது ஒப்புதலா என்பது வெளியே தெரியவில்லை.

கொடி விழுந்தது. ஒன்பதாவதாகப் புறப்பட்டவள் இரண்டாம் சுற்றில் ஏழாவதாக வந்தாள். திரும்பி வந்த அலை தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. நேர்ப்பாதையில் அவள் வண்டி மற்ற வண்டிகளைத் தாண்டும்போது, யாரோ பின்னாலிருந்து தள்ளிவிடுவது போலிருந்தது. நான்காம் சுற்றில் ஐந்தாவது. மானி எண்பத்து நான்கு புள்ளி மூன்று. ஐந்தாம் சுற்றில் மைதானத்தில் ஒரு மணம் பரவியது. சர்க்கரைப் பாகு காயும் மணம். பார்வையாளர்கள் பக்கத்துக் கடையைத் திரும்பிப் பார்த்தார்கள். கடைக்காரர் தம் அடுப்பைப் பார்த்தார். ஷர்மினியின் வண்டிக்குப் பின்னால் மெல்லிய வெள்ளை ஆவி ஒரு நூலாக நீண்டு போய்க்கொண்டிருந்தது. அவளைத் தொடர்ந்து ஓட்டியவர்கள் அதை மூச்சில் வாங்கிக்கொண்டே வந்தார்கள். அவர்களில் ஒருவன் வளைவில் வழி தவறி வைக்கோல் கட்டில் மோதி நின்றான். காயம் இல்லை. பசி வந்துவிட்டது என்று அவன் பிறகு ஒப்புக்கொண்டான்.

எட்டாம் சுற்றில் அவள் மூன்றாவது. எண்பத்து நான்கு புள்ளி ஆறு. அறையின் சுரம் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது; தெரிந்தவர்களுக்கு அது காதில் விழுந்தது. ஜெகதீஸ்வரி கயிற்றுத் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு எண்ணையும் உரக்க வாசித்துக்கொண்டிருப்பது தான்தான் என்பதை அவள் உணரவில்லை. பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத குடும்பம் ஒன்று அவளோடு சேர்ந்து வாசித்தது. ஒன்பதாம் சுற்றில் புள்ளி ஏழு. பத்தாம் சுற்றில் புள்ளி எட்டு. பதினொன்றில் எண்பத்தைந்து புள்ளி பூச்சியம். ஷாருல் குனிந்து மானியை உற்றுப் பார்த்தார். தாண்டக் கூடாது என்றுதான் விதி சொல்கிறது. எண்பத்தைந்து எண்பத்தைந்தைத் தாண்டவில்லை. அவர் கொடியை எடுக்கவில்லை.

கடைசிச் சுற்றில் பாகின் மணம் கருகலாக மாறியது. தேநீர் தீர்ந்துவிட்டது. ஷர்மினி கடைசி வளைவிலிருந்து வெளியே வந்தபோது இரண்டாவதாக இருந்தாள். ஐமான் அவளுக்கு முன்னால் ஒரு வண்டி நீளம்கூட இல்லை. நேர்ப்பாதையில் அவனைப் பிடித்துவிடுவாள் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. அவளுக்கும் தெரிந்தது. மானிக்கு இருபது மீட்டர் முன்னால் அவள் காலை எடுத்தாள்.

இயந்திரம் அடங்கியது. வண்டி தன் வேகத்தில் உருண்டு வந்தது. அந்த அமைதியில், தலைக்கவசத்துக்குள் ஷர்மினி வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு வருவது மைதானம் முழுக்கக் கேட்டது. ஒரு வாரச் சிரிப்பு அல்ல, மூன்று பந்தயங்களின் சிரிப்பு. இன்னொரு வண்டி அவளைத் தாண்டிப் போனது. அவள் மூன்றாவதாகக் கோட்டைக் கடந்தாள்.

மானியில் எழுபத்தொன்பது புள்ளி நான்கு நின்றது.

ஷாருல் பேனாவை எடுத்தார். எழுதாமல் நிறுத்தினார். இந்த எண்ணில் புகைக்குழாயின் பங்கு எவ்வளவு, ஓட்டுநரின் சிரிப்பின் பங்கு எவ்வளவு என்று ஜெகதீஸ்வரியிடம் கேட்டார். இரண்டையும் பிரித்து அளக்க வழி இல்லை என்று அவள் சொல்ல முயன்றாள். சொல்ல முடியவில்லை. அவள் தடுப்புக் கயிற்றைப் பிடித்தபடி, வயிற்றை அழுத்திக்கொண்டு, கண்ணில் நீர் வழியச் சிரித்துக்கொண்டிருந்தாள். படிவத்தில் ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது. ஷாருல் எண்ணை முழுவதுமாக அதில் எழுதி, கையெழுத்திட்டு, அடுத்த பந்தயத்துக்கான பதிவுத்தாளை அவள் கையில் கொடுத்தார்.